கேம்பிரிட்ஜ் மகளிர் கல்லூரியில் மாணவர் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பிரிட்ஜிலிருந்து வரும் அனுமதிக் கடிதத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் பெயர் இருந்தால் வீட்டில் அம்மாவுக்கு நிம்மதி, மகளுக்குக் கலக்கம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உயர்ந்த மதில், வாயிலில் காவலர், ஆறு மணிக்குச் சாத்தப்படும் விடுதிக் கதவு என்று நம் ஊர்ப் படத்தையே இருவரும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் படம் அங்கே பொருந்தாது. ஆகவே அம்மா கொஞ்சம் கூடுதலாகவே நிம்மதி அடைந்துவிட்டார், மகள் கொஞ்சம் கூடுதலாகவே கலங்கிவிட்டாள். இருவரும் கேட்கும் கேள்விகளை இங்கே கலந்தே தந்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்துக்குள் கல்லூரி என்றால் என்ன? நான் படிப்பது எதில்?

இரண்டிலும். கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் ஆகியவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. தங்கும் அறை, சாப்பாடு, நூலகம், நலம் விசாரிக்க ஓர் ஆசிரியர், வாரந்தோறும் சிறு குழுவாக நடக்கும் பாடம் ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. இளநிலை மாணவரைத் தேர்ந்தெடுப்பதும் கல்லூரிதான். இயற்பியல் கல்லூரி, சட்டக் கல்லூரி என்ற பிரிவு அங்கே கிடையாது. பெரும்பாலான பாடங்களுக்கு எல்லாக் கல்லூரிகளிலும் மாணவர்கள் இருப்பார்கள். நம் ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட கல்லூரிகளை வைத்து இதைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பமே மிஞ்சும். கல்லூரியை வீடு என்றும் பல்கலைக்கழகத்தை ஊர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மகளிர் கல்லூரிகள் எத்தனை?

இரண்டு. 1871-இல் தொடங்கிய நியூனம், 1954-இல் நியூ ஹால் என்ற பெயரில் தொடங்கிய மர்ரே எட்வர்ட்ஸ். நியூனம் என்ற பெயரை ஆங்கிலத்தில் (Newnham) எழுதும்போது நடுவில் ஓர் எழுத்து அதிகமாக இருக்கும். அதை உச்சரித்தால் ஊருக்குப் புதியவர் என்று உடனே தெரிந்துவிடும்.

1869-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய கர்ட்டன் 1970-களின் இறுதியில் ஆண் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. லூசி கேவண்டிஷ் 2021-இல் இருபாலர் கல்லூரியானது. ஆக்ஸ்ஃபோர்டில் இப்போது ஒன்றுகூட இல்லை. கடைசியாக நின்ற செயின்ட் ஹில்டாஸ் 2008-இல் ஆண்களைச் சேர்த்தது.

வகுப்பில் ஆண்கள் இருப்பார்களா?

இருப்பார்கள். விரிவுரை அரங்கில் யார் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வகம், நாடகக் குழு, விவாத மன்றம், இசைக்குழு எல்லாம் அப்படித்தான். மாலையில் நீங்கள் திரும்பும் இடம் மட்டுமே பெண்களுடையது.

அப்படியானால் தனி மகளிர் கல்லூரி எதற்கு?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1871-இல் ஹென்றி சிட்ஜ்விக் என்ற தத்துவ ஆசிரியர் கேம்பிரிட்ஜில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஆன் கிளஃப் என்ற பெண்மணியின் பொறுப்பில் ஐந்து மாணவிகள் அதில் தங்கினார்கள். விரிவுரை கேட்க ஊருக்கு வரும் பெண்கள் தங்க இடமில்லை என்பதுதான் அப்போதைய சிக்கல். நியூனம் கல்லூரி பிறந்தது இப்படித்தான், ஒரு வாடகை வீட்டில். பல்கலைக்கழக ஆய்வகங்களில் பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்ததால் 1879-இல் கல்லூரித் தோட்டத்திலேயே சொந்தமாக ஓர் ஆய்வகம் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. இப்போது அங்கே நாடகமும் இசையும் நடக்கின்றன.

1881 முதல் பெண்கள் பட்டத் தேர்வை உரிமையோடு எழுதலாம் என்றாயிற்று. எழுதினார்கள், தேறினார்கள், பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. 1890-இல் நியூனம் மாணவி பிலிப்பா ஃபாசெட் கணிதத் தேர்வில் ஆண்களில் முதலிடம் பெற்றவரையும் விஞ்சினார். ஆனால் தரவரிசையில் அவருக்கு இடம் இல்லை. ‘முதலிடத்துக்கும் மேலே’ என்று தனியாக வாசித்தார்கள். முதலிடத்துக்கும் மேலே ஓர் இடத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு பட்டத்தாளைக் கொடுக்க மனம் வரவில்லை.

1897-இல் இது வாக்கெடுப்புக்கு வந்தது. ஏறத்தாழ 1,700 பேர் எதிராகவும், 660 பேருக்குச் சற்று அதிகமானோர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். சைக்கிளில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவபொம்மையைப் பல்கலைக்கழகத்தின் விழா மண்டபமான செனட் ஹவுஸ் எதிரே கட்டித் தொங்கவிட்டது மாணவர் கூட்டம். 1921-இல் மீண்டும் தோல்வி. இந்த முறை வெற்றி பெற்ற கூட்டம் நியூனத்துக்கே ஊர்வலமாகப் போய், ஆன் கிளஃப் நினைவாக வைக்கப்பட்ட வெண்கலக் கதவுகளைக் கைவண்டியால் இடித்து உடைத்தது. அதன்பின் பட்டத்தின் பெயரை மட்டும் பெண்களுக்குத் தருவது என்று ஒரு சமரசம். முழு உரிமையுள்ள பட்டம் 1948-இல்தான் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1920-லேயே கொடுத்துவிட்டது.

இடையில் ஒரு வேடிக்கை. 1904 முதல் 1907 வரை டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறிய பெண்களுக்குத் தானே பட்டம் தந்தது. சுமார் 720 பேர் நீராவிக் கப்பல் ஏறிப் போய் வாங்கி வந்தார்கள். ‘ஸ்டீம்போட் லேடீஸ்’ என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது.

நமக்கு நெருக்கமான ஒரு கதையும் உண்டு. 1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்த கமலா பாக்வத்தைப் பெண் என்பதற்காகச் சேர்க்க மறுத்தார் சர் சி. வி. ராமன். கமலா விடவில்லை. கடைசியில் ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்ட அவர்தான் நியூனம் மாணவியாகக் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து 1939-இல் முனைவரானார். அதே 1939-இல் நியூனத்தைச் சேர்ந்த டோரதி கேராட் தொல்லியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் சேர்த்து முதல் பெண் பேராசிரியர் அவர். முழுப் பட்டம் பெறும் உரிமை மாணவிகளுக்கு இல்லாத இடத்தில் ஒரு பெண் பேராசிரியராக இருந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, இன்றைக்கு எதற்கு என்று கேட்டால் என் பதில் சுருக்கமானது. அன்று வேறு கதவு திறக்காததால் இந்தக் கல்லூரிகள் தேவைப்பட்டன. இன்று எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும்போதும் சிலர் இதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். மாணவர் சங்கத் தலைவர், படகுக் குழுத் தலைவர், நாடகத்தில் விளக்கு அமைப்பவர் என்று எல்லாப் பொறுப்பிலும் பெண்ணே இருக்கும் இடத்தில் மூன்றாண்டுகள் வாழ்ந்தால், ‘இதெல்லாம் நமக்கா’ என்ற தயக்கம் எழ இடமே இருப்பதில்லை. இது எல்லோருக்கும் தேவை என்று நான் சொல்லவில்லை.

நான் விண்ணப்பத்தில் மகளிர் கல்லூரியைக் குறிப்பிடவே இல்லை. எப்படி அங்கே இடம் கிடைத்தது?

இரண்டு வழிகளில் இது நடக்கும். கல்லூரி எதையும் குறிப்பிடாமல் ‘திறந்த விண்ணப்பம்’ அனுப்பியிருந்தால், அந்த ஆண்டு குறைவான விண்ணப்பங்கள் வந்த கல்லூரி ஒன்றுக்கு உங்களை ஒதுக்குவார்கள். அது மகளிர் கல்லூரியாகவும் இருக்கலாம். இரண்டாவது வழிக்குப் ‘பூல்’ என்று பெயர். நீங்கள் கேட்ட கல்லூரியில் இடம் போதாமல், ஆனால் விட்டுவிட மனமில்லாத அளவுக்கு நீங்கள் தகுதியானவராக இருந்தால், உங்கள் கோப்பைப் பொதுவில் வைப்பார்கள். வேறொரு கல்லூரி எடுத்துக்கொள்ளும். டிசம்பரில் நேர்காணல், ஜனவரியில் முடிவு.

பூல் வழியாக வந்தவர்கள் இரண்டாம் தரம் என்ற எண்ணம் மாணவிகளிடம் இருக்கிறது. முதல் மாதத்துக்குப் பிறகு யார் எந்த வழியில் வந்தார்கள் என்பதே ஒருவருக்கும் நினைவிருக்காது. இடத்தை மறுக்குமுன் ஒன்று கவனியுங்கள்: கல்லூரி பிடிக்கவில்லை என்று இன்னொரு கல்லூரிக்கு மாற்றிக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

‘சூப்பர்விஷன்’ என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் அது பொய். ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் ஒருவர் முதல் மூவர் வரை, ஒரு மணி நேரம். கலைப் பாடமென்றால் நீங்கள் எழுதிக் கொடுத்த கட்டுரை மேசையில் கிடக்கும். அறிவியல் பாடமென்றால் நீங்கள் போட்ட கணக்குகள். நாற்பது பேர் வகுப்பில் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளலாம், இரண்டு நாற்காலி உள்ள அறையில் ஒளிய முடியாது. ‘ஏன் இப்படி எழுதினாய்?’ என்ற கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

நம் பள்ளிகளிலிருந்து போகும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பாடம் தெரியாமல் அல்ல. ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கே மறுத்துப் பேசாமல் இருந்தால்தான் ஆசிரியருக்குச் சலிப்பு. ‘எனக்கு இது புரியவில்லை’ என்று முதல் வாரமே சொல்லப் பழகிவிட்டவர்கள் பிழைத்தார்கள். எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டியவர்கள் ஐந்தாம் வாரத்தில் அழுதார்கள்.

சூப்பர்விஷன் எடுப்பவர் உங்கள் கல்லூரிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆணாகவும் இருப்பார், பெண்ணாகவும் இருப்பார், பேராசிரியராகவும் இருப்பார், உங்களைவிட நாலைந்து வயதே மூத்த ஆராய்ச்சி மாணவராகவும் இருப்பார். அவரை ஏற்பாடு செய்து தருவது உங்கள் கல்லூரியில் உங்கள் பாடத்துக்குப் பொறுப்பான டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ்.

ஐந்தாம் வாரத்தில் அப்படி என்ன?

கேம்பிரிட்ஜில் ஆண்டுக்கு மூன்று பருவங்கள். அக்டோபரில் தொடங்குவது மிக்கல்மஸ், ஜனவரியில் லென்ட், ஏப்ரலில் ஈஸ்டர். பாடம் நடப்பது ஒவ்வொன்றிலும் எட்டே வாரம். மற்ற இடங்களில் பன்னிரண்டு வாரத்தில் பரப்பிப் போடுவதை எட்டில் திணிப்பதால், ஐந்தாம் வாரம் வரும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். அந்தச் சோர்வுக்குப் பெயரே ‘ஐந்தாம் வாரச் சோகம்’. அங்கே வாரம் வியாழக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடியும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். புதிதாக வந்தவர்கள் ‘நான்காம் வாரம் திங்கட்கிழமை’ எது என்று கணக்கிட விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

மகள் இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? ஆண்கள் உள்ளே வரலாமா?

நேரக் கட்டுப்பாடு கிடையாது. அட்டையோ சாவியோ மாணவியின் கையில் இருக்கும். வாயிலில் இருக்கும் போர்ட்டர்கள் கண்காணிப்பாளர்கள் அல்லர். அஞ்சல் வாங்கி வைப்பார்கள், அறைக்குள் சாவியை வைத்துப் பூட்டிக்கொண்டவளுக்கு நள்ளிரவில் கதவு திறந்துவிடுவார்கள், உடல்நிலை சரியில்லை என்றால் முதலில் வந்து நிற்பார்கள். வீட்டுக்குத் தொலைபேசி செய்து ‘உங்கள் பெண் இன்னும் வரவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். பதினெட்டு வயது ஆனவர் தம் பொறுப்பைத் தாமே பார்த்துக்கொள்வார் என்பது அந்நாட்டு முறை. மாணவியின் அனுமதி இல்லாமல் அவரது மதிப்பெண்ணைக்கூடப் பெற்றோருக்குச் சொல்வதில்லை.

ஆண் நண்பர்கள் விருந்தினராக வரலாம். இரவு தங்கும் விருந்தினருக்கு ஒவ்வொரு கல்லூரியும் விதி வைத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு முகம் மாறும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கன்னிமாடம் தேடுகிறீர்கள் என்றால் இது அது அல்ல. பிள்ளையோடு இப்போதே பேசிவிடுவது, அங்கே போனபிறகு நேரவித்தியாசத்தில் தொலைபேசியில் சண்டை போடுவதைவிட நல்லது.

அறை எப்படி இருக்கும்?

பெரும்பாலும் ஒருவருக்கு ஓர் அறை. முதலாண்டில் அவர்களே ஒதுக்குவார்கள். பிறகு மாணவிகளே குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்வார்கள். துப்புரவுப் பணிக்கு வருபவரை ‘பெட்டர்’ (bedder) என்பார்கள், படுக்கையைச் சரிசெய்த காலத்துப் பெயர் அது. படுக்கையை நீங்கள்தான் மடிக்க வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? சமைக்கலாமா?

கல்லூரி உணவகத்தில் சைவம் எப்போதும் உண்டு. ருசி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது எப்போதும் உண்டு என்று உறுதி சொல்ல மாட்டேன். சமைப்பதற்கு ஒவ்வொரு தளத்திலும் ‘ஜிப்’ எனப்படும் பொதுச் சமையலறை இருக்கும். மில் ரோடு பக்கம் போனால் பருப்பும் மசாலாவும் விற்கும் கடைகள் இருக்கின்றன. ஓர் எச்சரிக்கை உண்டு. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும் புகைக்கு அங்குள்ள தீ அபாய மணி மிகவும் கோபக்காரன். ஒரு தாளிப்புக்காக முப்பது பேரைக் குளிரில் வெளியே நிறுத்திய மாணவியை அந்த ஆண்டு முழுவதும் யாரும் மறப்பதில்லை. சன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள்.

ஃபார்மல் என்பது என்ன?

பல கல்லூரிகளில் கறுப்பு அங்கி அணிந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மூன்று வகை உணவு பரிமாறப்படும் இரவு விருந்து. வேறு கல்லூரி நண்பர்களோடு மாறி மாறி அழைத்துக்கொள்வது வழக்கம். பட்டுச்சேலைமேல் அங்கி போட்டுக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படம் எடுத்துக்கொள்ளத்தான் வரிசையில் நிற்பார்கள்.

நியூனமா, மர்ரே எட்வர்ட்ஸா?

கலைப் பாடம் என்றால் நியூனத்துக்கு ஒரு வசதி. சாலையைக் கடந்தால் எதிரே சிட்ஜ்விக் வளாகம், கலைத் துறைகள் பல அங்கேதான். காலை ஒன்பது மணி வகுப்புக்கு எட்டே முக்காலுக்கு எழுபவர்களை எனக்குத் தெரியும். கட்டடங்கள் செங்கல் நிறம், வெள்ளைச் சன்னல்கள், பாசில் சாம்ப்னீஸ் என்பவர் வடிவமைத்தவை. வெளியே கால் வைக்காமலே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நீண்ட நடைகூடம். சுற்றிலும் பெரிய தோட்டம்.

மர்ரே எட்வர்ட்ஸ் காஸில் ஹில் மேட்டில், ஹண்டிங்டன் ரோட்டில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் தட்டையான ஊர், அங்கே மேடு என்று சொல்ல இருப்பது ஏறக்குறைய இது ஒன்றுதான். சைக்கிளில் ஏறும்போது புலம்புவார்கள், இறங்கும்போது மறந்துவிடுவார்கள். 1960-களின் வெள்ளைக் கான்கிரீட் கட்டடம். லண்டனில் பார்பிக்கன் குடியிருப்பு வளாகத்தை வடிவமைத்த அதே சேம்பர்லின், பவல், பான் கட்டடக்கலை நிறுவனத்தின் வேலை. உணவுக்கூடம் ஒரு பெரிய வெள்ளைக் குவிமாடத்துக்குக் கீழே. சுவர்களெல்லாம் பெண் ஓவியர்களின் படைப்புகள். தூங்கி எழுந்து காப்பி வாங்கப் போகும் வழியில் ஓர் அருங்காட்சியகத்தைக் கடந்து போவீர்கள். முதல் தலைவர் ரோஸ்மேரி மர்ரேயின் பெயரையும், 3 கோடி பவுண்டு கொடுத்த எட்வர்ட்ஸ் குடும்பத்தின் பெயரையும் சேர்த்து 2008-இல் இப்போதைய பெயர் வந்தது. அதுவரை 54 ஆண்டுகள் ‘புதிய கூடம்’ என்ற பெயரிலேயே பழையதாகிக்கொண்டிருந்தது.

பழைய கல்லூரிகள் பலவற்றில் புல்வெளியில் கால் வைத்தால் விரட்டுவார்கள். இவை இரண்டிலும் புல்லில் நடக்கலாம், உட்கார்ந்து படிக்கலாம். எனக்கு இதுவே போதுமான காரணமாக இருந்திருக்கும்.

படகோட்டத் தெரியாது. பரவாயில்லையா?

பெரும்பாலோருக்குத் தெரியாது. அக்டோபரில் புதியவர்களுக்கென்றே பயிற்சி தொடங்கும், விடியற்காலை இருட்டில், குளிரில். ஏன் போகிறார்கள் என்று கேட்டால் போனவர்களுக்கே தெரியவில்லை, ஆனால் மறுநாளும் போகிறார்கள். நியூனம் படகுக் குழு 1893-இல் தொடங்கியது. 1927-இல் ஆக்ஸ்ஃபோர்டோடு நடந்த முதல் மகளிர் படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜுக்காகத் துடுப்புப் போட்டது நியூனம் பெண்கள்தான்.

கேம் நதி குறுகலானது, படகுகள் அருகருகே போட்டியிட இடமில்லை. அதனால் கல்லூரிப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, பீரங்கிச் சத்தம் கேட்டதும் புறப்பட்டு, முன்னால் போகும் படகை முட்ட வேண்டும். முட்டினால் மறுநாள் ஓர் இடம் முன்னே. இதை ‘பம்ப்ஸ்’ என்கிறார்கள்.

மனம் சோர்ந்தால் யாரிடம் சொல்வது?

டியூட்டர் என்று ஒருவரை ஒதுக்குவார்கள். நம் ஊர் டியூஷனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் உங்களுக்குப் பாடம் நடத்துபவர் அல்லர். வேண்டுமென்றே வேறு துறைக்காரராக இருப்பார், மதிப்பெண்ணைப் பற்றிய பயமில்லாமல் பேசுவதற்காக. கல்லூரிச் செவிலியர் உண்டு, பல்கலைக்கழக ஆலோசனை மையம் உண்டு. இவர்களுக்கெல்லாம் முன்னால் ‘கல்லூரிப் பெற்றோர்’ இருப்பார்கள். புதியவர்களைத் தத்து எடுத்துக்கொள்ளும் இரண்டாமாண்டு மாணவர்கள் அவர்கள். துணி துவைக்கும் இயந்திரம் எப்படி ஓடும் என்பதிலிருந்து எந்த ஆசிரியர் தாமதத்தைப் பொறுப்பார் என்பது வரை இவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா?

அந்தத் திட்டத்தோடு போகாதீர்கள். விசா அனுமதித்தாலும், பருவ நாட்களில் இளநிலை மாணவர்கள் வெளி வேலை பார்க்கக் கூடாது என்பதே பல்கலைக்கழகத்தின் எதிர்பார்ப்பு. எட்டு வாரத்தில் அதற்கு நேரமும் இருக்காது.

செலவு?

கல்விக் கட்டணம் பாடத்தைப் பொறுத்தது, எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்ததல்ல. வெளிநாட்டு மாணவர்கள் அதோடு தனியாகக் கல்லூரிக் கட்டணமும் செலுத்த வேண்டும். இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். விசாவோடு மருத்துவக் கூடுதல் கட்டணம் உண்டு. 2024 பிப்ரவரியில் அது மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டாக உயர்ந்தது. படிப்புக் காலம் முழுவதற்கும் முன்பணமாகவே வாங்கிவிடுவார்கள். முழு உதவித்தொகைகள் பெரும்பாலும் முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கே. இளநிலைக்கு மிகக் குறைவு.

விடுமுறையில் அறையிலேயே தங்கலாமா?

கேட்டு வாங்க வேண்டும். பல அறைகளைப் பருவம் முடிந்ததும் காலி செய்யச் சொல்வார்கள். பெட்டிகளை வைத்துவிட்டுப் போக வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் உண்டா என்று முதல் பருவத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

பட்டமளிப்பு விழாவுக்கு நாங்கள் போகலாமா? பட்டத்தில் மகளிர் கல்லூரி என்று இருக்குமா?

பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது, எல்லோருக்கும் ஒன்றே. டிக்கெட் வாங்கிக்கொண்டு பெற்றோர் போகலாம். விழா செனட் ஹவுஸில் நடக்கும். உருவபொம்மை தொங்கியது அதன் எதிரேதான். நான்கு நான்கு பேராக மாணவர்களைக் கல்லூரிப் பிரதிநிதி அழைத்துப்போவார். அவரது வலக்கையின் விரல்களில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு ஒருவர் ஒருவராகத் துணைவேந்தர்முன் மண்டியிட்டால் லத்தீனில் ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பிவிடுவார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், கண்ணை அங்கே இங்கே திருப்பாதீர்கள்.

முதலில் கிங்ஸ், டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ். அதன்பின் தொடங்கிய ஆண்டு வரிசைப்படி மற்றக் கல்லூரிகள். விழா சில நாட்கள் நடக்கும். 1954-இல் பிறந்த மர்ரே எட்வர்ட்ஸின் முறை வர நேரமாகும். திரும்பும் விமானத்துக்கு அதே நாள் மாலையில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.